பெயர்ப் பட்டியலும் கலைக்களஞ்சியமும்

நம் தோட்ட வாழ்க்கையில் பெயர்ப் பட்டியலுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் கூப்பிடும் பெயர்கள் ஒரு பட்டியல். கிராணியார் மேசையில் இருக்கும் செக்ரோல் ஒரு பட்டியல். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு, கோயில் திருவிழா உபயகாரர் வரிசை, கல்யாண வீட்டு மொய் நோட்டு என்று சொல்லிக்கொண்டே போகலாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களை விட்டுப் பலர் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தும் விட்டார்கள். ஆனாலும் மொய் நோட்டும் உபயகாரர் வரிசையும் நம்மோடு கூடவே வருகின்றன.

இந்தப் பட்டியல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. செக்ரோலின் வேலை சம்பளக் கணக்கு. மொய் நோட்டின் வேலை, நாளை நாம் திருப்பிச் செய்ய வேண்டியதை நினைவூட்டுவது. உபயகாரர் வரிசையின் வேலை நன்றி சொல்வது. ஒன்றின் வேலைக்கு மற்றொன்று உதவாது. மொய் நோட்டைக் காட்டிச் சம்பளம் கேட்க முடியுமா?

இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் புரட்டுகின்ற இணையக் கலைக்களஞ்சியத்திலும் ஆயிரக்கணக்கான பெயர்ப் பட்டியல்கள் இருக்கின்றன. பிரதமர்களின் பட்டியல், எழுத்தாளர்களின் பட்டியல், விளையாட்டு வீரர்களின் பட்டியல் என்று பலவகை. "இவற்றில் நம் தோட்டத்துக்காரர் பெயரைக் காணோமே, நாமே ஒரு பட்டியல் எழுதிச் சேர்த்துவிடலாமா?" என்று இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்ட மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். எந்தப் பட்டியல் கலைக்களஞ்சியத்தில் இடம்பெறத் தக்கது, எது தகாது, தகாத பட்டியலை என்ன செய்வது என்பதை இன்றைய பேச்சில் பார்ப்போம்.

முதலில் கலைக்களஞ்சியம் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம். களஞ்சியத்தில் நெல்லைச் சேர்த்து வைப்பதுபோல அறிவுச் செய்திகளைத் திரட்டி, அகர வரிசையில் அடுக்கித் தருவது கலைக்களஞ்சியம். தமிழில் இந்த முயற்சி புதியது அன்று. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளை 1902-ஆம் ஆண்டில் 'அபிதான கோசம்' என்ற நூலை வெளியிட்டார். சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல ஆண்டுகள் தனியாக உழைத்துத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வெளிவந்தது. இந்திய விடுதலைக்குப் பிறகு பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய 'கலைக்களஞ்சியம்' 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக அச்சேறியது.

இந்த நூல்களில் யார் பெயர் ஏற வேண்டும் என்பதை ஆசிரியர் முடிவு செய்தார். தாளுக்கும் அச்சுக்கும் பணம் வேண்டும். ஆகவே இடம் குறைவு. இணையத்தில் வந்த விக்கிப்பீடியாவில் இந்த இரண்டுமே மாறிவிட்டன. ஆங்கிலத்தில் அது 2001 ஜனவரி 15-இல் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் அதன் தொடக்க காலத்திலிருந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நம் மலேசியாவிலும் மற்ற நாடுகளிலும் உள்ள தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காமல் எழுதி, 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகள் என்ற எல்லையை அது கடந்தது. அங்கே தாள் செலவு கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். மற்றவர் எழுதியதைத் திருத்தலாம். தகாதது என்று தோன்றினால் காரணம் சொல்லி நீக்கும்படி கேட்கலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு. அங்கேதான் வழக்கு நடக்கும்.

இடம் நிறைய இருக்கிறது, எழுத எல்லாருக்கும் உரிமை இருக்கிறது என்றால், எல்லாருடைய பெயரையும் எழுதிவிட வேண்டியதுதானே? இங்கேதான் பட்டியலின் வேலை என்ன என்று கேட்க வேண்டும். கலைக்களஞ்சியப் பட்டியலைப் படிப்பவர் நம்மை அறியாதவர். அவர் சென்னையில் இருக்கலாம், டர்பனில் இருக்கலாம், இன்னும் ஐம்பது ஆண்டு கழித்துப் பிறக்கலாம். நாம் சொன்னதை அவர் நம்பத்தான் வேண்டும் என்று வற்புறுத்த முடியாது. "இது சரியா?" என்று அவர் தாமே சரிபார்க்க வழி வேண்டும். அந்த வழி இருக்கும் பட்டியலே அங்கே நிற்கும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு நான்கு சோதனைகளைப் பார்ப்போம்.

முதல் சோதனை, வரம்பு. வயலுக்கு வரப்பு இருப்பதுபோலப் பட்டியலுக்கும் வரப்பு வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்பதில் இருவருக்கு இரு கருத்து இருக்கக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1997 மே 23-இல் எம். மகேந்திரனும் என். மோகனதாசும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறி, அந்தச் சிகரத்தைத் தொட்ட முதல் மலேசியர்கள் ஆனார்கள். 'எவரெஸ்ட் ஏறிய மலேசியர்கள்' என்று ஒரு பட்டியல் போட்டால் அதன் வரம்பு தெளிவானது. ஒருவர் உச்சியைத் தொட்டாரா, இல்லையா என்பதுதான் கேள்வி. பாதி மலை ஏறித் திரும்பியவர் எவ்வளவு திறமைசாலியானாலும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்.

நம் வட்டாரத்திலேயே இன்னொன்று காட்டலாம். ஈஜோக் சட்டமன்ற உறுப்பினராக இருந்த கே. சிவலிங்கம் 2007-இல் காலமானார். அதனால் அந்த ஆண்டு ஏப்ரல் 28-இல் அங்கே நடந்த இடைத்தேர்தலில் கே. பார்த்திபன் வெற்றி பெற்றார். 'ஈஜோக் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்கள்' என்ற பட்டியலில் இவ்விருவர் பெயரும் வரும். நமக்கு அவர்களைப் பிடிக்குமா, அவர்கள் கட்சி எது என்பதெல்லாம் அங்கே கேள்வி இல்லை. மாறாக, 'சிலாங்கூரின் சிறந்த ஆசிரியர்கள்' என்று ஒரு பட்டியல் எழுதினால் என்ன ஆகும்? சிறப்பை யார் அளப்பது? எழுதுபவர் தம் ஆசிரியரை முதலில் போடுவார். அடுத்த நாள் வேறொருவர் அதை அழித்துத் தம் மாமாவை முதலில் போடுவார். அது நன்றியறிதலே ஒழிய அறிவுச் செய்தி ஆகாது.

வரப்பு இருந்தால் மட்டும் போதாது. வயலும் அளவாக இருக்க வேண்டும். 'மலேசியத் தமிழர்கள்' என்ற பட்டியலை யாரும் எழுதி முடிக்க முடியாது. 'மூன்றாவது லயத்தில் குடியிருந்தவர்கள்' என்ற பட்டியலை எழுதி முடித்துவிடலாம். ஆனால் அந்த லயத்துக்கு வெளியே அதைத் தேடுவோர் இல்லை. அதனால் ஆங்கில விக்கிப்பீடியாவினர் ஊர்ப் பட்டியல்களுக்கும் தொழில் பட்டியல்களுக்கும் பொதுவாக ஒரு நெறி வைத்திருக்கிறார்கள். தனிக்கட்டுரை எழுதும் அளவுக்குச் செய்தி கிடைக்கக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். அந்த ஊருக்கோ தொழிலுக்கோ அவர் உரியவர் என்பதற்கு நம்பத்தக்க சான்றும் இருக்க வேண்டும். 'கோல சிலாங்கூர்க்காரர்கள்' என்ற பட்டியல் வேண்டுமானால் இந்த நெறிப்படி எழுதலாம்.

இரண்டாவது சோதனை, சான்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. கலைக்களஞ்சியத்தில் கதை நேர்மாறானது. அங்கே ஏட்டில் ஏறாத சுரைக்காய்தான் கறிக்கு உதவாது! ஒருவர் செய்த காரியத்தைத் தோட்டம் முழுவதும் கண்ணால் கண்டிருக்கலாம். ஆனால் அவரோடு தொடர்பில்லாத ஒருவர் அதைப் பத்திரிகையிலோ புத்தகத்திலோ அரசாங்க ஏட்டிலோ எழுதியிருக்கிறாரா என்றுதான் அங்கே கேட்பார்கள். அவரே எழுதிய நோட்டீசும், குடும்பத்தார் அச்சடித்த நினைவு மலரும் துணைச் சான்று ஆகலாம். முதன்மைச் சான்று ஆகமாட்டா. தன் பிள்ளையைத் தானே மெச்சுவது சாட்சியாகாது அல்லவா?

இந்தச் சோதனை பல சமயம் நியாயமற்றதாகவும் தோன்றும். கனடா நாட்டு இயற்பியல் அறிஞர் டோனா ஸ்டிரிக்லண்டைப் பற்றி ஒருவர் 2018 மே மாதத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு ஒரு கட்டுரை வரைவு கொடுத்தார். அவரைப் பற்றிப் பிறர் எழுதிய சான்று போதாது என்று அது ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இயற்பியலில் அப்பரிசு பெற்ற மூன்றாவது பெண் அவர். அன்றைக்கே கட்டுரையும் ஏறிவிட்டது. மே மாதத்தில் அவர் அறிவு குறைந்திருக்கவில்லை. அவரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதுதான் குறைந்திருந்தது. கலைக்களஞ்சியம் ஒரு கண்ணாடி. உலகம் யாரைப் பற்றி எழுதி வைத்ததோ அவர்களைத்தான் அது காட்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ள வாழ்க்கை வரலாறுகளில் பெண்களைப் பற்றியவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நோபல் பரிசுக்காரருக்கே இந்தக் கதி என்றால், இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டிய நம் பாட்டிமாரின் கதி என்னவென்று சொல்லவும் வேண்டுமா?

மூன்றாவது சோதனை, பொருத்தம். பட்டியலின் தலைப்பில் இரண்டு செய்திகள் சேரும்போது அவற்றுக்குள் உறவு இருக்க வேண்டும். 'ரப்பர் ஆராய்ச்சி செய்த விஞ்ஞானிகள்' என்றால் பொருத்தம் இருக்கிறது. 'இடக்கைப் பழக்கமுள்ள கிராணிகள்' என்றால் பொருத்தமே இல்லை. இது சிரிப்பதற்குச் சொன்னது. சிரிக்க முடியாத இடங்களும் உண்டு. இனம், மதம், சாதி ஆகியவற்றை வைத்துப் போடும் பட்டியல்கள் அப்படிப்பட்டவை. புகழ் பெற்ற ஒருவரைத் தங்கள் சாதிப் பட்டியலில் கொண்டுபோய்ச் சேர்க்கப் பலர் துடிக்கிறார்கள். மறுநாள் இன்னொரு கூட்டம் அவரைத் தங்கள் பட்டியலுக்கு இழுக்கிறது. இந்தியர்களைப் பற்றிய பக்கங்களில் ஓயாமல் நடக்கும் சண்டைகளில் இது ஒன்று. உயிரோடு இருப்பவர் தம் சாதியையோ மதத்தையோ தாமே வெளிப்படச் சொல்லியிருந்தால் அன்றிப் பிறர் அதை எழுதக் கூடாது என்பது ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ள நெறி. நல்ல நெறிதான். ஒரே லயத்தில் ஒரே தண்ணீர்க் குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்த நமக்கு அதன் அருமை தெரியும்.

பிரித்துப் போடுவதாலும் தீங்கு வருவதுண்டு. 2013-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் 'அமெரிக்க நாவலாசிரியர்கள்' என்ற வகையிலிருந்து பெண்களின் பெயர்களைச் சிலர் எடுத்து, 'அமெரிக்கப் பெண் நாவலாசிரியர்கள்' என்ற தனி வகைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அமண்டா ஃபிலிப்பாச்சி என்ற எழுத்தாளர் இதைக் கண்டுபிடித்துப் பத்திரிகையில் எழுதினார். பெண்களை நீக்கிவிட்டால் பொது வகையில் எஞ்சுவது ஆண்கள் மட்டுமே அல்லவா என்று பெரிய விவாதம் எழுந்தது. பெண்களுக்குத் தனிப் பந்தி போடுவது மரியாதை என்று நினைக்கலாம். ஆனால் பெரிய பந்தியில் அவர்கள் இலையை எடுத்துவிட்டால் அது மரியாதை ஆகுமா?

நான்காவது சோதனை, தீங்கு. வரம்பும் சான்றும் பொருத்தமும் இருந்தாலும், உயிரோடு இருக்கும் ஒருவருக்கு அதனால் கேடு வருமா என்று பார்க்க வேண்டும். ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி 2005-இல் யாரோ ஒருவர், அவர் கென்னடி கொலையோடு சம்பந்தப்பட்டவர் என்று பொய்யாக எழுதிவிட்டார். நான்கு மாதத்துக்கு மேல் அது திருத்தப்படாமல் கிடந்தது. அதன் பிறகு உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய விதிகள் கடுமையாயின. நம்மிடையே எண்ணிப் பாருங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளுபவர்கள், ஒரு நோயால் அவதிப்படுபவர்கள் என்று பெயரும் ஊரும் போட்டு ஒரு பட்டியலைப் பொது இடத்தில் வைத்தால், நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது அவர்களைச் சந்தியில் நிறுத்துவதாகும். அத்தகைய பட்டியல் உதவி செய்பவரின் பூட்டிய மேசைக்குள் இருக்க வேண்டும். கலைக்களஞ்சியத்தில் அந்தப் பிரச்சினையை எழுதலாம். அந்த மனிதர்களின் பெயர்களை எழுதலாகாது.

நேயர்களே, இந்த நான்கு சோதனைகளையும் கையில் வைத்துக்கொண்டு, நம் மனத்தை அரிக்கின்ற இரண்டு பட்டியல்களுக்கு வருவோம்.

ஒன்று, வட சிலாங்கூரில் நம் கண்ணெதிரே உள்ள பத்தாங் காலி. 1948 டிசம்பர் 12-இல் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயுதம் ஏந்தாத 24 சீனத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுடைய குடும்பத்தார் பல்லாண்டு போராடி, வழக்கை இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். புது விசாரணை நடத்தியே தீர வேண்டிய சட்டக் கடமை அரசாங்கத்துக்கு இல்லை என்று 2015 நவம்பரில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த நிகழ்ச்சி கலைக்களஞ்சியத்தில் இடம்பெறத் தக்கதா? சந்தேகமே வேண்டாம், இடம்பெற்றும் இருக்கிறது. ஆனால் இறந்த ஒவ்வொருவருக்கும் தனிக்கட்டுரை எழுத முடியாது. ஒரே நிகழ்ச்சியால் மட்டும் பெயர் தெரியவந்தவரை அந்த நிகழ்ச்சியின் கட்டுரையிலேயே சொல்ல வேண்டும் என்பது வழக்கம். இப்படிப்பட்ட கட்டுரைகளில் பெயர்கள் முழுவதையும் அடுக்கலாமா என்பதில் எழுதுவோருக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கலைக்களஞ்சியம் நினைவு மண்டபம் அல்ல என்பது ஒரு பக்கம். பெயர் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் மனிதர்கள் மறைந்துபோவார்கள் என்பது மறுபக்கம். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வழக்கு நடந்ததால் அந்த நிகழ்ச்சிக்கு நிறைய ஏடுகள் சேர்ந்துவிட்டன என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது, சயாம் மரண ரயில். ஜப்பானியர் 1942, 1943 ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அந்தப் பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல். இறந்த ஆசியத் தொழிலாளர்களை 90,000 பேர் அளவிலும் அதற்கு மேலும் மதிப்பிடுகிறார்கள். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைக்குப் போனால், ஏறத்தாழ 7,000 போர்வீரர்கள் வரிசை வரிசையாகத் துயில்வதைக் காணலாம். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயரும் படைப்பிரிவும் பொறித்த நடுகல் இருக்கிறது. காரணம் என்ன? படைக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. போர் முடிந்ததும் அதை வைத்துத் தேடி ஒவ்வொருவரையும் கணக்கெடுத்தார்கள். நம்மவர்களுக்கு அப்படிப்பட்ட முழுப் பட்டியல் இல்லை. கொண்டுபோனவர்கள் ஆட்களாக எண்ணினார்களே தவிர, பெயர் பெயராக எழுதிக் காப்பாற்றவில்லை. இறந்தவர்களை எரித்தும் கூட்டாகப் புதைத்தும் விட்டார்கள்.

ஆகவே 'மரண ரயிலில் மாண்ட மலாயாத் தமிழர்கள்' என்ற பட்டியலை இன்று கலைக்களஞ்சியத்தில் எழுத முடியாத நிலை. வரம்பு தெளிவாக இருக்கிறது, பொருத்தம் இருக்கிறது, யாருக்கும் தீங்கும் இல்லை. சான்று என்ற ஒன்றிலேதான் அது தடுக்கி விழுகிறது. அவர்கள் தகுதியற்றவர்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. எழுதுகிற கை அன்று அவர்கள் பக்கம் இல்லை என்பதுதான் பொருள்.

பெயர் தெரியாதவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தமிழில் மிகப் பழைய விடை ஒன்று உண்டு. சுந்தரர் பாடிய திருத்தொண்டத் தொகை அடியார்களின் பட்டியல்தான். அறுபத்து மூவர் வரிசைக்கு அதுவே அடிப்படை. அதில் தனித்தனியாகப் பெயர் சொல்லப்பட்ட அடியார்களோடு, தொகையடியார் என்று ஒன்பது கூட்டத்தாரும் இடம்பெறுகிறார்கள். பெயர் தெரியாத காரணத்தால் அவர்களை விட்டுவிடவில்லை. தெரியாத பெயரை இட்டுக்கட்டவும் இல்லை. கூட்டமாகவே வைத்து வணக்கம் சொல்லியாயிற்று. கலைக்களஞ்சியத்துக்கும் இதுவே நேர்மையான வழி. பெயர்ப் பட்டியலுக்குச் சான்று இல்லாத இடத்தில், அந்த மக்கள் யார், எங்கிருந்து போனார்கள், எத்தனை பேர், என்ன ஆனார்கள் என்று கட்டுரையாக எழுதலாம். பொய்ப் பெயர் நூறு சேர்ப்பதைவிட உண்மையான ஒரு பத்தி மேலானது.

அப்படியானால் நம்மிடம் உள்ள பெயர்கள்? கலைக்களஞ்சியத்துக்குத் தகாத பட்டியல் பயனற்ற பட்டியல் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. விதைநெல்லை யாரும் சமைத்துப் பரிமாறுவதில்லை; அதற்காக அதை வீசி எறிவதும் இல்லை. பழைய செக்ரோல், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் குடமுழுக்கு மலர், சங்கத்துக் கூட்டக் குறிப்பு, மயானத்துக் கல், சுவரில் தொங்கும் படம் ஆகிய இவை எல்லாம் விதைநெல். இவற்றை வைத்து ஒருவர் ஆராய்ச்சி செய்து புத்தகம் எழுதினால், அந்தப் புத்தகம் கலைக்களஞ்சியத்துக்குச் சான்றாகும். இராம சுப்பையா 1969-இல் 'தமிழ் மலேசியானா' என்ற பெயரில் மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களுக்கும் ஏடுகளுக்கும் ஒரு பட்டியல் தொகுத்தார். மலாயாப் பல்கலைக்கழக நூலகம் அதை வெளியிட்டது. அன்று அவர் பொறுமையாக எழுதி வைத்த அந்த வரிசைதான், நம் நாட்டில் தமிழில் என்னென்ன அச்சாயின என்று பின்னால் வந்தவர்கள் தேடுவதற்கு வழிகாட்டியது.

நம் வட்டாரத்தில் இந்த வேலைக்கு அவசரமும் இருக்கிறது. தோட்டம் துண்டாடப்படும்போது முதலில் காணாமற்போவது அலுவலகத்து ஏடுகள். லயம் இடிபடும்போது படங்கள் நனைந்து போகின்றன. ஊர்ப் பெயரே மாறிவிடுவதும் உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. இன்னும் ஒரு தலைமுறை போனால் பழைய பெயரைச் சொல்லித் தேடுவோருக்கு இடம் புரியாது. தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, நம்மவர் வாயில் வழங்கிய பெயர் ஒன்று என்று இரண்டு இருந்ததை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன். வீட்டில் உள்ள பழைய படங்களின் பின்புறம் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். தோட்டத்தின் இரண்டு பெயர்களையும் எழுதுங்கள். பெண்களை 'இன்னாரின் மனைவி' என்று மட்டும் எழுதி நிறுத்தாமல் அவர்கள் சொந்தப் பெயரையும் செய்த வேலையையும் எழுதுங்கள். ஒரே பெயரைப் பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார்கள். இரண்டையும் குறித்து வையுங்கள். மூத்தவர்கள் சொல்லும் செய்தியைக் கைப்பேசியில் பதிவு செய்து, யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது என்பதையும் சேர்த்துப் பதியுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும், கண்டதைக் கண்டது என்றும் பிரித்து எழுதுங்கள். பழைய ஏடு கிடைத்தால் பழைய பேப்பர் வாங்குபவரிடம் போட்டுவிடாமல், பள்ளி ஆசிரியரிடமோ பல்கலைக்கழக நூலகத்திலோ தேசிய ஆவணக் காப்பகத்திலோ காட்டுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. நீங்கள் விக்கிப்பீடியாவில் எழுத விரும்பினால் தாத்தாவின் பெயரோடு தொடங்காதீர்கள். பள்ளி, ஊர், ஆறு, தோட்டம் என்று சான்று கிடைக்கக்கூடிய ஒன்றோடு தொடங்குங்கள். பட்டியல் எழுதுவதானால் அதன் தலைப்புக்குக் கீழே, இதில் யார் வருவார், யார் வரமாட்டார் என்று முதல் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எந்த நூல், எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி என்று குறியுங்கள். சான்று கிடைக்காத பெயரை நோட்டில் தனியாக எழுதி வையுங்கள். அதற்கு நாள் வரும். யாராவது நீங்கள் எழுதியதை நீக்கிவிட்டால் கோபித்துக்கொள்ளாமல் பேச்சுப் பக்கத்தில் போய்க் காரணம் கேளுங்கள். சான்றோடு பேசுபவருக்கே அங்கே மதிப்பு. வயதுக்கும் பட்டத்துக்கும் அங்கே தனிச் சலுகை இல்லை.

இன்று சொன்னதைத் தொகுத்துக்கொள்வோம். தெளிவான வரம்பு, பிறர் எழுதிய சான்று, தலைப்பில் பொருத்தம், உயிரோடு இருப்பவருக்குத் தீங்கின்மை ஆகிய நான்கும் உள்ள பட்டியல் கலைக்களஞ்சியத்துக்கு உரியது. மற்றவை குடும்பத்துக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் உரியவை. அங்கே பெயர் ஏறவில்லை என்பதால் ஒருவர் சிறியவர் ஆகிவிட மாட்டார். ஏறிவிட்டதால் பெரியவர் ஆகிவிடவும் மாட்டார். ஆனால் எங்குமே எழுதப்படாத பெயர், அதை அறிந்த கடைசி மனிதரோடு போய்விடும். இந்த வாரம் உங்கள் வீட்டு மூத்தவரிடம் அவருடைய தாய், தந்தை, அவர்களைப் பெற்றவர்கள் ஆகியோரின் பெயர்களைக் கேட்டு, அவர்கள் எந்தத் தோட்டத்தில் என்ன வேலை செய்தார்கள் என்பதோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.